கேளுங்கோ, சொல்லுறன்: புகை போன பாதையும் புகை காட்டுற பாதையும்

இந்த முறை கடிதக் கட்டை அவிழ்த்த உடனேயே எனக்கு அடி. போன இதழில ஒரு தம்பி "காற்றும் தண்ணியும் ஓடுறதைக் கண்ணால பாக்க ஏலுமா" எண்டு கேட்டதுக்கு ரெண்டு வழி சொல்லியிருந்தன், ஒண்டு சாமியறையில கொளுத்திற ஊதுபத்திப் புகையைப் பாக்கிறது, மற்றது போத்தல் தண்ணிக்குள்ள கொண்டிஸ் கரைசலை (பொட்டாசியம் பெர்மாங்கனேற்று, ஊதாச் சாயம்) சேலைன் ரியூப்பால மெல்ல மெல்ல விடுறது. வழி ரெண்டும் சரிதான். ஆனா இடையில "புகை போடுற கோடுதான் அருவிக்கோடு" எண்டு ஒரு வசனத்தையும் போட்டுட்டன். அருவிக்கோடு எண்டா ஒரு கணத்தில ஓட்டம் எந்தப் பக்கம் போகுது எண்டு காட்டுற கோடு. அதுதான் வினை. முதலாவது கேள்வியே அதைப்பற்றித்தான், கடைசிக் கேள்வி கொண்டிசைப்பற்றி, அதுவும் எனக்கு அடிதான். இடையில உள்ளவை பரவாயில்லை.

சேர், புகைதான் அருவிக்கோடு எண்டு நீங்க எழுதினதை ரியூசனில காட்டினன், எங்கட சேர் அது பிழை எண்டு சொல்லிப்போட்டார். ஆர் சரி? ஏ.எல். பரீட்சைக்கு எதை எழுதுறது?
(மாணவி, உப்புவெளி)

உங்கட சேர்தான் சரி, மகள். நான் அவசரத்தில எழுதினது. பரீட்சையில உங்கட சேர் சொன்னதையே எழுதுங்கோ, ஆனா ஏன் எண்டு விளங்கி எழுதுங்கோ, அதுக்கு ஒரு பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வந்து இருங்கோ.

தம்பலகாமத்து வயல் எண்டு வைப்பம். அறுவடை முடிஞ்சு ஒருத்தர் ஒரு மூலையில வைக்கோல் கொளுத்திறார். காற்று மேற்கில இருந்து கிழக்குப் பக்கம் போகுது, நிமிஷத்துக்கு 60 மீற்றர், பெரிய வேகம் இல்லை. 10 நிமிஷம் இப்பிடியே அடிக்குது. பிறகு சடார் எண்டு திரும்பி தெற்கில இருந்து வடக்கே அதே வேகத்தில இன்னொரு 10 நிமிஷம் அடிக்குது. மொத்தம் 20 நிமிஷம். இப்ப மூண்டு கேள்வி.

முதல் கேள்வி, கொளுத்தின உடனே கிளம்பின முதல் புகைத் துணுக்கு எந்தப் பாதையால போச்சு? முதல் 600 மீற்றர் கிழக்கே, பிறகு 600 மீற்றர் வடக்கே. பேப்பரில கீறினா கிழக்கே போய் வடக்கே மடியுற ஒரு மூலை. இது ஒரு துணுக்கின்ர சரித்திரம். பாதைக்கோடு எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.

ரெண்டாவது, 20ஆவது நிமிஷத்தில ஒருத்தர் பனையில ஏறிப் பாத்தா புகை என்ன வடிவத்தில கிடக்கும்? இங்கதான் விளையாட்டு. கடைசி 10 நிமிஷத்தில கிளம்பின புகை எல்லாம் வடக்கே மட்டும்தான் போயிருக்கும், அதால நெருப்பில இருந்து நேரா வடக்கே 600 மீற்றர் ஒரு கோடு. முதல் 10 நிமிஷப் புகை ஏற்கனவே கிழக்கே பரவி நிண்டது, அது அப்பிடியே மொத்தமா 600 மீற்றர் வடக்கே தள்ளப்பட்டிருக்கும். அப்ப புகை வடக்கே போய்க் கிழக்கே மடியுது! முதல் துணுக்கு போன பாதைக்கு நேர்மாறான மூலை. உங்களுக்குக் கண்ணால தெரியுறது இந்தக் கோடுதான். ஒரே இடத்தால கிளம்பின எல்லாத் துணுக்கும் இப்ப எங்க எங்க நிக்குது எண்டு காட்டுற கோடு. சாயக்கோடு எண்டு சொல்லலாம்.

மூண்டாவது, அருவிக்கோடு. அது அந்த ஒரு கணத்தில ஒவ்வொரு இடத்திலயும் காற்று எந்தப் பக்கம் போகுது எண்டு அம்புக்குறி போட்டு, அம்புகளைத் தொட்டுக்கொண்டு கீறுற கோடு. 20ஆவது நிமிஷத்தில காற்று எல்லா இடமும் வடக்கே. அப்ப அருவிக்கோடு எல்லாம் வடக்கே நேர்க்கோடு, மடிவே இல்லை.

ஒரே காற்று, ஒரே நெருப்பு, மூண்டு கோடு, மூண்டும் வேற வேற. ஒருக்கா கீறிப் பாத்தா பிறகு சாகும் வரைக்கும் மறக்காது. எனக்கு மறந்தது வேற கதை.

அப்ப நான் எழுதினது முழுப்பிழையோ எண்டா, காற்று ஒரே மாதிரி, ஒரே திசையில, மாறாம ஓடினா மூண்டு கோடும் ஒண்டுக்கு மேல ஒண்டு விழும். கதவு ஜன்னல் பூட்டின அறையில ஊதுபத்தியில இருந்து முதல் சாண் அளவுக்குப் புகை நூல் மாதிரி நேரா எழும்புமே, அந்தத் துண்டுக்கு நான் சொன்னது சரி. அதுக்கு மேல புகை நெளிய வெளிக்கிட்ட உடனே பிழை. உங்கட புத்தகத்தில "உறுதிப் பாய்ச்சல்" எண்டு ஒரு சொல் கிடக்குமே, அதாவது ஒவ்வொரு இடத்திலயும் வேகமும் திசையும் நேரத்தோட மாறாத ஓட்டம், நாங்கள் எல்லாரும் வாசிக்காமல் தாண்டிப் போற சொல், முழு விஷயமும் அதுக்குள்ளதான் கிடக்கு.

நம்பிக்கை வராட்டி இண்டைக்குப் பின்னேரம் பூக்கண்டுக்குத் தண்ணி விடேக்க ஹோஸ் பைப்பை இடமும் வலமும் வேகமா ஆட்டிப் பாருங்கோ. காற்றில தண்ணி பாம்பு மாதிரி நெளிஞ்சு நெளிஞ்சு போறது தெரியும். ஆனா எந்தத் துளியும் நெளியேல்லை! ஒவ்வொரு துளியும் பைப் வாயை விட்டு எந்தப் பக்கம் கிளம்பிச்சோ அந்தப் பக்கமே நேரா போய் விழுகுது. நெளிவு உங்கட கையில மட்டும்தான். போனில ஸ்லோ மோசனில எடுத்து ஒரு துளியை மட்டும் விரலால தொடர்ந்து பாருங்கோ, ஆச்சரியமா இருக்கும். நான் இதைப் பாத்துக்கொண்டு நிண்டு பக்கத்து வீட்டு மதிலுக்கு அப்பால காயப்போட்ட உடுப்பெல்லாத்தையும் நனைச்சுப்போட்டன்.

இன்னொண்டும் சொல்லவேணும். தண்ணியை விவரிக்கிறதுக்கு ரெண்டு இருப்பு இருக்கு. பாலத்தில ஒரே இடத்தில நிண்டு "எனக்குக் கீழ இப்ப என்ன வேகம்" எண்டு பாத்துக்கொண்டிருக்கிறது ஒண்டு, துடுப்புப் போடாமல் வள்ளத்தில குந்திக்கொண்டு தண்ணியோட தண்ணியா போறது மற்றது. முதலாவதை ஒயிலர் முறை எண்டும் ரெண்டாவதை லக்ராஞ் முறை எண்டும் படிப்பிப்பினம், 1700களில இருந்த ரெண்டு கணிதக்காரர். பகிடி என்னெண்டா ரெண்டு முறையும் ஒயிலரே எழுதி வைச்சிருக்கிறார், மற்றவருக்குப் பேர் போச்சு. அருவிக்கோடு பாலத்தில நிக்கிறவற்ற படம், பாதைக்கோடு வள்ளத்தில போறவற்ற படம். சாயக்கோடு ரெண்டு பேரிட்டயும் இல்லாத மூண்டாவது சாமான், ஆனா புகையும் சாயமும் கண்ணுக்குக் காட்டுறது அதைத்தான், அதாலதான் என்னை மாதிரி ஆக்கள் மாறி எழுதுறது.

ஐயா, நான் 30 வருசமா தொழிலுக்குப் போறவன். கடலில வலை ஒரு பக்கம் இழுபடும், மிதக்கிற வெறும் போத்தல் வேற பக்கம் போகும். நீரோட்டம் பாக்க எதை நம்புறது?
(திருக்கடலூர்)

அண்ணை, உங்களுக்கு நான் கடல் படிப்பிக்க ஏலாது. ஆனா நீங்க கேட்டது கடல் ஆராய்ச்சிக்காரர் பலகாலம் தலையைப் பிய்ச்ச கேள்வி. ரெண்டையும் நம்பலாம், ரெண்டும் சொல்லுறது வேற வேற செய்தி. வெறும் போத்தலில பாதி தண்ணிக்கு மேல நிக்குது, அதைக் காற்று தள்ளுது. சோளகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கேக்க போத்தல் சோளகத்தைச் சொல்லும், தண்ணியைச் சொல்லாது. உங்கட வலை பல மீற்றர் ஆழத்துக்குத் தொங்குது, அதை இழுக்கிறது அந்த ஆழத்துத் தண்ணி.

அதுதான் ஆராய்ச்சிக்கு விடுற மிதவையளில மேல ஒரு பந்து மட்டும் இருக்கும், அதுக்குக் கீழ நீளமா ஒரு துணிக்குழாய், ஓட்டை போட்ட பெரிய காற்சட்டைக்கால் மாதிரி, 15 மீற்றர் ஆழத்தில தொங்கும். பந்து சற்றலைற்றோட கதைக்கும், துணிக்குழாய் தண்ணியைப் பிடிச்சுக்கொண்டு போகும். காற்று பந்தை அசைச்சாலும் அந்தத் துணி விடாது. அடிப்படையில உங்கட வலை செய்யுற வேலைதான். ஆர்கோ எண்டு இன்னொரு வகை இருக்கு, அது 1,000 மீற்றர் ஆழத்தில கிடந்து நீரோட்டத்தோட போய், 10 நாளுக்கு ஒருக்கா 2,000 மீற்றர் வரைக்கும் இறங்கி, அங்க இருந்து வெப்பத்தையும் உப்பையும் அளந்துகொண்டு மேல வந்து செய்தி அனுப்பிப்போட்டுத் திரும்ப இறங்கும். உலகக் கடல் எல்லாம் ஆயிரக்கணக்கில கிடக்கு.

காற்றோட போற சாமானாலயும் பிரயோசனம் இருக்கு. 1992 ஜனவரியில ஹொங்கொங்கில இருந்து அமெரிக்காவுக்குப் போன கப்பலில இருந்து புயலில கொண்டெயினர் விழுந்து, குழந்தையள் குளிக்கேக்க விளையாடுற பிளாஸ்ரிக் வாத்து, ஆமை, தவளை, பீவர் எண்டு 28,800 பொம்மை பசிபிக் நடுவில கொட்டுண்டு போச்சு. அதே வருசம் நவம்பரில அலாஸ்காவில கரையொதுங்க வெளிக்கிட்டுது. கேர்ட்டிஸ் எபஸ்மேயர் எண்ட கடலாய்வாளரும் கூட்டாளியும் எது எப்ப எங்க ஒதுங்குது எண்டு குறிச்சுக் குறிச்சு, வட பசிபிக்கைச் சுத்துற நீரோட்டத்தின்ர கணக்கைச் சரிபாத்தவை. யோசிச்சுப் பாருங்கோ, ஒரே இடத்தில ஒரே நாளில விழுந்தது, ஆனா ஒவ்வொரு வாத்துக்கும் ஒவ்வொரு பாதை. வள்ளத்தில குந்தின லக்ராஞ் தான்.

எங்கட பக்கத்துக்கு வந்தா, வாடைக்காலத்தில வங்காள விரிகுடாவில இருந்து கரையோட தெற்கே இறங்குற நீரோட்டம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். சோளகக் காலத்தில இலங்கைக்குக் கிழக்கால கடல் மணிக்கூட்டுக்கு எதிர்ப்பக்கமா ஒரு பெரிய சுழற்சி போடும், நடுவில கீழ்க்குளிர்த் தண்ணி மேல எழும்பும். இலங்கைக் குவிமாடம் எண்டு சொல்லுவினம். கரையில நிண்டு பாத்தா ஒண்டும் தெரியாது, அவ்வளவு பெரிசு. சற்றலைற் கடல்மட்ட உயரத்தை அளந்து கணக்குப் போட்டாத்தான் படம் வரும்.

எங்கட வாப்பா களப்பில நட்டு வைச்ச கம்புக்குப் பின்னால தண்ணி இடமும் வலமும் மாறி மாறிச் சுழியுது. கம்பு நேராத்தானே நிக்குது, தண்ணியும் நேராத்தானே வருது, ஏன் இந்த ஆட்டம்?
(கிண்ணியா, பத்தாம் வகுப்பு)

வாப்பாவுக்கு என்ர சலாம் சொல்லுங்கோ. நல்ல கண் உங்களுக்கு, தம்பி. இதே கேள்வியில ஜேர்மனியில ஒரு ஆராய்ச்சி மாணவன் மாட்டுப்பட்டவன், அதைச் சொன்னாத்தான் விளங்கும்.

1911ஆம் ஆண்டளவில கொட்டிங்கன் எண்ட ஊரில லுட்விக் பிராண்டில் எண்ட பேராசிரியரிட்ட ஹீமென்ஸ் எண்டு ஒரு மாணவன். ஓடுற தண்ணிக்குள்ள உருளை ஒண்டை வைச்சு அதைச் சுத்தி அழுத்தம் அளக்கவேணும், அதுதான் வேலை. தண்ணி ஆட்டத்தை நிப்பாட்டவே இல்லை. உருளை சரியா வட்டம் இல்லை எண்டு பேராசிரியர் சொல்ல, இவர் தேய்ச்சுத் தேய்ச்சு வட்டமாக்கினார். திரும்பவும் ஆடிச்சுது. தண்ணித் தொட்டி சமச்சீர் இல்லையோ எண்டு அதையும் திருத்தினார். ஆடிச்சுது. அதே இடத்தில வேலை செய்த தியோடர் வொன் கார்மன் எண்டவர் காலமை காலமை வந்து ஆட்டம் நிண்டுதோ எண்டு கேப்பாராம், இவர் பாவம், இல்லை எண்டுவாராம். ஒரு கட்டத்தில கார்மனுக்கு யோசனை வந்தது, உருளையில பிழை இல்லை, தண்ணியின்ர சுபாவமே இதுதானோ எண்டு. கணக்குப் போட்டா அப்பிடித்தான் வந்தது. எதிர் எதிரா சோடியா நிக்கிற சுழியள் நிலைக்காது, ஒண்டுவிட்டு ஒண்டு மாறி நிக்கிற வரிசைதான் நிலைக்கும். அதுக்குக் கார்மன் சுழிவீதி எண்டு பேர் வந்தது. இதுக்கு முன்னமே ஹென்றி பெனார் எண்ட பிரெஞ்சுக்காரர் படம் எடுத்திருந்தவர், அவருக்குப் பேர் கிடைக்கேல்லை எண்டு கொஞ்சம் கோவமும் இருந்தது. பேர் போறவருக்குத்தான் போகும், மேல ஒயிலர் கதையில பாத்தது.

உங்கட கம்புக்குக் கணக்குப் போடலாம். தண்ணி வேகத்தைக் கம்பின்ர தடிப்பால பிரிச்சு 0.2ஆல பெருக்குங்கோ. கம்பு 5 சென்ரிமீற்றர், தண்ணி செக்கனுக்கு 25 சென்ரிமீற்றர் எண்டா விடை 1. செக்கனுக்கு இடம் ஒண்டு வலம் ஒண்டு எண்டு ஒரு சோடி சுழி. ஒரு கைப்பிடி உமியைக் கம்புக்கு முன்னால தூவிப்போட்டுப் போனில மணி வைச்சு எண்ணிப் பாருங்கோ, பிறகு கணக்கைத் தலைகீழாப் போட்டா தண்ணியின்ர வேகம் வரும், மீற்றர் ஒண்டும் வாங்கத் தேவையில்லை. பிராண்டில் கூட இப்பிடித்தான், கையால சுத்துற ஒரு தண்ணித் தொட்டியில மினுங்குற மைக்காத் தூளைத் தூவித்தான் பாத்தவர்.

அந்த 0.2 எண்ட இலக்கத்துக்கு முதல் வழி காட்டினவர் ஸ்ட்ரோஹல் எண்ட செக்காரர், 1878இல, கம்பி காற்றில பாடுறதை ஆராய்ஞ்சவர். வாடைக்காற்றில கரண்ட் கம்பி "ம்ம்ம்" எண்டு ஊளையிடுமே, அதுவும் இதே சுழிதான். கம்பி 5 மில்லிமீற்றர், காற்று செக்கனுக்கு 10 மீற்றர் எண்டா செக்கனுக்கு 400 சோடி, அது காதுக்கு நல்லாக் கேக்கிற சுருதி. கண்ணுக்குத் தெரியாத சுழியைக் காதால பாக்கிறம்.

வீட்டுப் பைப்பை மெல்லத் திறந்தா தண்ணி கண்ணாடிக் கம்பி மாதிரி விழுது, கூடத் திறந்தா வெள்ளையா உடையுது. எந்த இடத்தில மாறுது எண்டு கணக்கு இருக்கா?
(அன்புவழிபுரம்)

இருக்கு. மான்செஸ்டரில ஒஸ்போர்ன் ரெயினோல்ட்ஸ் 1883இல எழுதினது. பெரிய கண்ணாடித் தொட்டிக்குள்ள தண்ணி, தொட்டிக்குள்ள நாதஸ்வர வாய் மாதிரி விரிஞ்ச வாயோட ஒரு கண்ணாடிக் குழாய், வாயின்ர நடுவில மெல்லிசா ஒரு சாயக் கீற்று. மெல்ல ஓடேக்க சாயம் குழாய் முழுக்க ஒரு நேர்நூல். வேகத்தைக் கூட்டிக்கொண்டு போக, ஒரு கட்டத்தில நூல் திடீர் எண்டு கலைஞ்சு குழாய் முழுக்க நிறம் பரவிப் போச்சு. இதுக்கு மேலதான் எனக்குப் பிடிச்ச இடம் வருது. அந்தக் கலங்கலை மின்பொறி வெளிச்சத்தில, கண் வெட்டுற நேரத்துக்கும் குறைவா, பாத்தார். சும்மா கண்ணுக்கு மங்கலா தெரிஞ்சது பொறி வெளிச்சத்தில தனித்தனிச் சுருளாத் தெரிஞ்சுது. மங்கலாத் தெரியுறதுதான் கண்ணின்ர வேகக்குறைவு, கலங்கல் உண்மையானது, அதுக்குள்ள சுருள் எல்லாம் உருண்டுகொண்டுதான் இருக்கு.

வேகத்தைக் குழாயின்ர உள்விட்டத்தால பெருக்கி, தண்ணியின்ர பிசுக்குமையை (ஓட்டத்தைத் தடுக்கிற ஒட்டும் தன்மையை) அடர்த்தியால பிரிச்சு வாறதால பிரிச்சா ஒரு இலக்கம் வரும், அது 2,000 சொச்சத்துக்குக் கீழ எண்டா நூல், நல்லா மேல எண்டா கலங்கல். உங்கட பைப்புக்கு, உள்விட்டம் 1.5 சென்ரிமீற்றர் எண்டு வைச்சா, 1 லீற்றர் போத்தல் நிரம்ப 1 நிமிஷம் எடுத்தா 1,800க்குக் கிட்ட வரும். 10 செக்கனில நிரம்பினா 10,000ஐத் தாண்டும். திருமலையில எங்கட ஒழுங்கைக்குத் தண்ணி வாற வேகத்துக்கு நாங்கள் எப்பவும் நூல்தான், அது வேற விஷயம்.

அந்தச் சாமான் இன்னும் மான்செஸ்டரில கிடக்கு. இப்ப அதில செய்து பாத்தா அவர் கண்டதிலயும் குறைஞ்ச வேகத்திலயே நூல் கலைஞ்சு போகுதாம், வெளியில ரோட்டில போற வாகன அதிர்வால. குதிரை வண்டிக் காலத்து அமைதி இப்ப வராது.

மூதூர் போட்டில வரேக்க மழைகாலத்தில கடலில ஒரு பக்கம் மண்ணிறம், மற்றப் பக்கம் நீலம், நடுவில நேரா ஒரு நுரைக்கோடு, குப்பையும் அதிலதான் நிக்கும். அந்தக் கோட்டால தண்ணி ஓடுதா?
(மூதூர்)

ஓடவேணும் எண்டு கட்டாயம் இல்லை, தங்கச்சி. கோட்டைக் கண்டா ஓட்டம் எண்டு நினைக்கிறது எல்லாருக்கும் வாற மயக்கம்.

மண்ணிறம் மகாவலி, 335 கிலோமீற்றர் ஓடி கொட்டியாரக்குடாவில விழுகுது. ஆற்றுத் தண்ணி 1 லீற்றர் 1 கிலோ, கடல்தண்ணி அதைவிட 20 கிராமுக்கு மேல பாரம். அதால ஆற்றுத் தண்ணி கடலுக்கு மேல பாய் விரிச்ச மாதிரி பரவும். விளிம்பில ரெண்டு பக்கத்துத் தண்ணியும் வந்து முட்டுப்பட்டுக் கீழ இறங்கும். தண்ணி இறங்கலாம், நுரையும் தடியும் சொப்பின் பையும் இறங்க ஏலாது, மிதக்கிற சாமான். அதுகள் அங்கேயே தேங்கி நிக்கும். அப்ப நுரைக்கோடு காட்டுறது தண்ணி போற பாதையை இல்லை, தண்ணி எங்க காணாமல் போகுது எண்டதை! எதைத் தூவிப் பாக்கிறமோ அது தண்ணியோட முழுசாப் போகவேணும், பாதியில கழண்டு நிண்டா அது தன்ர கதையைத்தான் சொல்லும். தொழிலுக்குப் போறவை அந்தக் கோட்டைத் தேடிப் போறது வேற காரணம், சின்னதுகள் சேர பெரிசுகள் வரும்.

போனில காற்றுப் பாக்கிற அப்பில வெள்ளைக் கோடுகள் நெளிஞ்சு நெளிஞ்சு ஓடுது. அது உங்கட மூண்டு கோட்டில எது?
(நிலாவெளி, கெஸ்ற் ஹவுஸ் நடத்திறவர்)

பொதுவா அருவிக்கோடு. ஒரு மணித்தியாலத்துக் காற்றை அப்பிடியே உறைய வைச்சுப்போட்டு அதுக்கு மேல புள்ளியளை ஓட விடுறது. பாக்க ஓடுது, உண்மையில நிண்ட படம். அதால அந்தக் கோட்டைப் பின்பற்றி "நாளைக்கு இந்த முகில் இஞ்ச வரும்" எண்டு வெள்ளைக்காரருக்குச் சொல்லிப்போடாதீங்கோ, நேரத்தைத் தள்ளித் தள்ளிப் பாருங்கோ.

வெயிலுக்கை தார் ரோட்டில காற்று நெளியுறது தெரியுது. புகை இல்லாமல் காற்று எப்பிடித் தெரியுது?
(சீனக்குடா)

சூட்டுக் காற்று வெளிச்சத்தை வளைக்கிற அளவு வேற, குளிர்க் காற்று வளைக்கிற அளவு வேற. அவ்வளவுதான். வீட்டில செய்து பாருங்கோ. காலமை வெயில் ஜன்னலால வெள்ளைச் சுவரில விழேக்க, சுவருக்கு முன்னால ஒரு முழத் தூரத்தில மெழுகுதிரியைக் கொளுத்திப் பிடியுங்கோ. சுடரின்ர நிழல் கிட்டத்தட்டத் தெரியாது, ஆனா அதுக்கு மேல எழும்புற சூட்டுக்காற்றின்ர நிழல் சுவரில நடனமாடும். உங்கட கையை மெழுகுதிரிக்கு மேல கொண்டுபோனா நிழல் கையைச் சுத்திப் பிரிஞ்சு போறதும் தெரியும் (சுட்டுக்கொள்ளாதீங்கோ). ராபர்ட் ஹூக் 1600களிலயே இந்த மாதிரி மெழுகுதிரிக் காற்றைப் பாத்தவர். 1864இல ஓகஸ்ட் ரெப்ளர் எண்ட ஜேர்மன்காரர் வில்லையும் கத்தி விளிம்பும் வைச்சு இதை நுட்பமாக்கினார், ஸ்லீரன் எண்டு பேர், கண்ணாடிக்குள்ள இருக்கிற கீற்றுக்கு அந்த மொழியில சொல்லுற சொல். அதை வைச்சுத்தான் 1880களில ஏர்ன்ஸ்ட் மாகும் சால்கரும் பறக்கிற குண்டுக்கு முன்னால நிக்கிற அதிர்வலையைப் படம் பிடிச்சது. சாயமும் இல்லை, புகையும் இல்லை, உமியும் இல்லை, காற்றில எதையும் கலக்காமல் காற்றைப் பாக்கிற வழி. எனக்குக் கேட்டா எல்லா வழியிலயும் இதுதான் ராசா.

நீங்க சொன்னபடி போத்தலில கொண்டிஸ் விட்டுப் பாத்தனாங்கள், நல்ல வடிவா இருந்தது, ஆனா பாத்றூம் ரைல்ஸ் எல்லாம் மண்ணிறம் பிடிச்சு, மனுசி இப்ப என்னோட கதைக்கிறேல்லை. இதுக்கும் ஒரு பதில் சொல்லுங்கோ.
(பேர் போட வேண்டாம் எண்டு கேட்டிருக்கிறார்)

அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ, கறை பிடிக்கும் எண்டு எழுத மறந்திட்டன், எங்கட வீட்டிலயும் பிடிச்சது. ஊதா நிறம் காயேக்க மங்கனீசு மண்ணிறமாப் படியும், சோப்புக்குப் போகாது. தேசிக்காயைப் பாதியா வெட்டி உப்போட தேய்ச்சு 10 நிமிஷம் விட்டுக் கழுவுங்கோ, இல்லாட்டி பார்மசியில விற்றமின் சி குளிசை வாங்கி ரெண்டைத் தூளாக்கித் தண்ணியில குழைச்சுப் பூசுங்கோ, கண்ணுக்கு முன்னால வெள்ளையாகும். விரலில பிடிச்சதுக்கும் இதுதான். இனிமேல் செய்யிறவை ரீச்சாயத்தில செய்யுங்கோ, நல்லாக் கொதிக்க வைச்ச கடும் சாயம், ஆறவிட்டு. கொண்டிஸ் அளவுக்கு நூல் கூர்மையா வராது, ஆனா வீட்டில சண்டையும் வராது.